ராட்டினத்திலும் அந்தத் தேதியை எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். திருப்போரூரை அடுத்த இள்ளலூரில் வொண்டர்லா கேளிக்கைப் பூங்கா வந்திருப்பது உங்கள் வாசகர்கள் பலருக்குத் தெரிந்திருக்கும். கேளிக்கை வரி விவகாரத்தில் வருடக்கணக்கில் இழுத்துக்கொண்டே போன திட்டம். கடைசியில் அறுபத்து நாலு ஏக்கரில், 500 கோடி ரூபாய்க்கு மேல் செலவில் கட்டி முடித்தார்கள். 2025 டிசம்பரில் திறந்தும் விட்டார்கள். எங்கள் தெருவில் எல்லோரும் மனை விலை எவ்வளவு ஏறும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். என் கண் அங்கே வந்திருக்கும் ரோலர் கோஸ்டர் மேல். அதைக் கடைசியாக எப்போது சோதித்தார்கள் என்று எல்லோரும் பார்க்கும்படி எழுதி வைக்கச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

ரயில் பெட்டிகளைப் பிரித்துப் பழுதுபார்க்கும் பெரம்பூர் கேரேஜ் ஒர்க்ஸில் முப்பத்து நாலு வருடம் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பாதி நாள் போகிக்கு அடியில்தான் கழிந்தது. அதனால் 515 பஸ்ஸில் வரும்போது எங்கேயாவது வளைந்த இரும்புக் குழாய் தெரிந்தால் கழுத்து தானாகத் திரும்புகிறது.

வந்திருப்பது சாதாரண வண்டி இல்லை. சுவிட்சர்லாந்தின் போலிகர் அண்ட் மபியார் கம்பெனியின் தயாரிப்பு. இரண்டு இன்ஜினியர்கள் சேர்ந்து 1988-இல் தொடங்கிய கம்பெனி அது. நம் ஊரில் இதுவரை நாம் ஏறியதெல்லாம் தண்டவாளத்தின் மேல் ஓடுவது. இதில் தண்டவாளம் தலைக்கு மேலே. நாற்காலிகள் அதற்குக் கீழே தொங்கும், கால் அந்தரத்தில் ஆடும். இந்த வகையை அவர்கள் முதலில் 1992-இல் அமெரிக்காவில் சிகாகோ பக்கம் ஒரு பூங்காவில் ஓடவிட்டார்கள். அந்தக் கம்பெனியின் இந்த வகை வண்டி இந்தியாவுக்கு வந்தது இதுதான் முதல்.

ரயில்காரன் கண்ணுக்கு இதில் ரசிக்க நிறைய இருக்கிறது. நம் ரயில் சக்கரம் தண்டவாளத்தின் மேல் சும்மா உட்கார்ந்திருக்கிறது. ஓரத்தில் புடைத்திருக்கும் ஃபிளேஞ்ச் என்கிற விளிம்புதான் அதை வழிவிலகாமல் பிடிக்கிறது. கோஸ்டருக்கு அது போதாது. மேலே ஒரு சக்கரம், பக்கத்தில் ஒன்று, கீழே ஒன்று என்று குழாயை மூன்று பக்கமும் கவ்வியிருக்கும். வண்டியில் இன்ஜின் கிடையாது. சங்கிலி உச்சிக்கு இழுத்துக்கொண்டு போய் விட்டுவிடும், மீதியைப் பூமி பார்த்துக்கொள்ளும். ஏறும்போது கடகடவென்று ஒரு சத்தம் வருமே, சங்கிலி அறுந்தாலும் வண்டி பின்னால் சரியாமல் தடுக்கும் பல்லின் சத்தம் அது. பயமுறுத்துகிற சத்தம்தான் காப்பாற்றுகிற சத்தமும். பிரேக் கூட வண்டியில் இல்லை, பாதையில் இருக்கிறது. பாதையைப் பிளாக் பிளாக்காகப் பிரித்திருப்பார்கள், ஒரு பிளாக்கில் ஒரு வண்டிதான். முன்னால் போனது தாண்டாமல் பின்னால் வருவதை உள்ளே விடாது. எங்கள் சிக்னல்காரர்கள் காலங்காலமாகச் செய்வதும் இதுதான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

என் மகனுக்கு ஒன்பது வயது இருக்கும்போது குடும்பத்தோடு ஒரு பூங்காவுக்குப் போனோம். பெயர் வேண்டாம். ஒரு ராட்டினத்தில் அவனுடைய பெல்ட் பக்கிள் மாட்டவில்லை. இரண்டு முறை அழுத்திப் பார்த்த ஆபரேட்டர் பையன், பாக்கெட்டிலிருந்து நைலான் கயிறு ஒன்றை எடுத்து முடிச்சுப் போட்டுவிட்டு, "ஒண்ணும் ஆகாது சார்" என்றான். கயிறு ஏற்கெனவே பாக்கெட்டில் தயாராக இருந்ததுதான் எனக்கு உறைத்தது. பையனை இறக்கிக்கொண்டு வந்துவிட்டேன். அவன் வீடு வரும்வரை என்னோடு பேசவில்லை. அந்த ராட்டினம் கடைசியாக எப்போது பிரித்துப் பார்க்கப்பட்டது, யார் பார்த்தார்கள் என்று அங்கே எங்கேயும் எழுதியிருக்கவில்லை. கேட்டதற்கு, "ஆபீஸ்ல கேளுங்க சார்" என்றான். ஆபீஸ் பூட்டியிருந்தது.

2025 மே மாதம் கிழக்குக் கடற்கரைச் சாலைப் பூங்கா ஒன்றில் ராட்டினம் பாதியில் நின்று, முப்பதுக்கும் மேற்பட்டோர் மணிக்கணக்கில் உயரத்தில் மாட்டிக்கொண்டதைப் படித்திருப்பீர்கள். தீயணைப்புத் துறையினர் வந்துதான் பத்திரமாக இறக்கினார்கள். அந்த வீடியோவை என் மருமகள் மூன்று முறை போட்டுப் பார்த்தாள். இள்ளலூர் பேச்சை எடுத்தாலே இப்போது முகம் சுருங்குகிறது.

நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. அடுத்த முறை ரயிலில் போகும்போது பெட்டியின் முனைச் சுவரைப் பாருங்கள். இரண்டு பெட்டி சேரும் இடத்தில், வெளிப்பக்கம், பெயின்டில் எழுதியிருக்கும்: எந்த ஒர்க்‌ஷாப்பில் முழுதாகப் பிரித்துச் சரிபார்த்தார்கள், எந்தத் தேதியில், மறுபடி எப்போது வரவேண்டும் என்று. பிளாட்பாரத்தில் டீ குடித்துக்கொண்டே யார் வேண்டுமானாலும் படிக்கலாம். யாரும் படிப்பதில்லை என்பது வேறு கதை. ஆனால் எழுதப்போகிறோம் என்று தெரிந்தால் வேலை செய்கிறவன் கை வேறு மாதிரி வேலை செய்யும். எங்கள் ஷாப்பில் போல்ட்டை முறுக்கி முடித்ததும் நட்டிலிருந்து தகடு வரை ஒரு கோடு பெயின்ட் இழுப்போம். நட்டு ஒரு நூல் நகர்ந்தாலும் கோடு உடைந்துவிடும், தூரத்திலிருந்தே தெரியும். என்னோடு வேலை பார்த்த ஒருவர் முறுக்காமலே கோடு இழுத்து மாட்டிக்கொண்டார்; ஃபோர்மேன் ஷிப்ட் முடியும்வரை அவரை அந்த நட்டுப் பக்கத்திலேயே நிற்கவைத்தார்.

புதிய கோஸ்டரின் வரிசை தொடங்கும் இடத்தில் ஒரு பலகை வையுங்கள். கடைசியாக முழுச் சோதனை நடந்த தேதி, சோதித்தவர் யார், அடுத்த தேதி என்ன. தமிழில், கண்ணாடி போடாமல் படிக்கும் அளவு எழுத்தில். இதய நோயாளிகள் ஏறக்கூடாது என்பதை மட்டும் எவ்வளவு பெரிதாக எழுதுகிறார்கள்! சுவிஸ் கம்பெனி வண்டி, பெரிய நிறுவனம், அவர்கள் ஒழுங்காகத்தான் பார்ப்பார்கள் என்று நம்புகிறேன். ஒழுங்காகப் பார்க்கிறவருக்கு அதை எழுதி வைப்பதில் கஷ்டம் என்ன? அரசு இதை எல்லாப் பூங்காக்களுக்கும் கட்டாயமாக்கினால், மாசி பிரம்மோற்சவத்துக்கு எங்கள் ஊரில் போடும் ரங்கராட்டினம் வரை சேர்த்துவிடலாம். அதில் ஏறும் கூட்டமும் கொஞ்சநஞ்சமில்லை.

இன்னொன்று: பூங்கா திறந்துவிட்டதால் இனி ஞாயிற்றுக்கிழமை 515-இல் கால் வைக்க இடம் இருக்காது. போக்குவரத்துக் கழகம் இப்போதே யோசிக்கட்டும்.

என் பேத்திக்குப் பதினோரு வயது. இந்த மாதிரி வண்டிக்கெல்லாம் உயரக் கட்டுப்பாடு இருக்கும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து ஒவ்வொரு மாதமும் ஒன்றாம் தேதி சமையலறை நிலைக்கதவில் முதுகை ஒட்டி நிற்கிறாள், நான் பென்சிலால் கோடு போட்டுப் பக்கத்தில் தேதி எழுதுகிறேன். கடைசிக் கோடு 136 சென்டிமீட்டர். குதிகாலைத் தூக்கினாளா என்று நான் குனிந்து பார்த்துவிட்டுத்தான் போட்டேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ரயில்வே ஃபிட்டர்,
திருப்போரூர்.