செடிக்கு முன்னாடி தண்ணீரைக் கேட்கிறோம், ஏன்?

அண்ணாச்சிமார், அக்காமார் எல்லோருக்கும் வணக்கம்.

பூச்சி தின்னும் குடுவைச் செடி என்ன விலை என்று கேட்டு வருகிறவர்களிடம், விலையைச் சொல்வதற்கு முன்னாடி "உங்க வீட்டுல ஆத்துத் தண்ணியா, போர் தண்ணியா?" என்று கேட்கிறோம். சிலருக்கு இதில் வருத்தம். காரணத்தைச் சொல்லிவிடுகிறோம்.

இந்தச் செடி காட்டில் வளர்கிற இடத்து மண்ணில் சத்து ரொம்பக் குறைவு. அதனால்தான் இலை நுனியிலிருந்து ஒரு கொடியை நீட்டி, அதன் முனையில் குடுவை கட்டி, வழுக்கி விழுகிற எறும்பையும் ஈயையும் கரைத்துச் சத்து எடுத்துக்கொள்கிறது. அப்படி வாழ்ந்து பழகிய வேருக்கு உப்பும் ஆகாது, உரமும் ஆகாது. போர் தண்ணீர் பிடிக்கிற வாளியில் வெள்ளையாகப் படிகிறதே, அதேதான் தொட்டியிலும் நாளுக்கு நாள் சேரும், இலை ஓரம் கருகும், அப்புறம் குடுவை கட்டுவதையே நிறுத்திவிடும். தட்டட்டியில், அதாவது மொட்டை மாடியில், பிடித்து வைத்த மழைத் தண்ணீர்தான் இதற்கு முதல் தரம், ஏசியிலிருந்து சொட்டுகிற தண்ணீரும் சரி. தென்னை நார்க்கழிவில் வைப்பதானால் அதையும் நல்ல தண்ணீரில் நாலைந்து தடவை அலசியாக வேண்டும், ஏனென்றால் அதற்குள்ளேயே உப்பு இருக்கும்.

இன்னொன்று, ஆனி ஆடிக் காற்று. குற்றாலத்தில் சாரல் அடிக்கிற அதே நாட்களில் வள்ளியூர், பணகுடிப் பக்கம் காய்ந்த காற்றுதான் வீசும். அந்தக் காற்றில் குடுவை முளையிலேயே சுருங்கிவிடும். அதனால் அந்த இரண்டு மாதமும் நாங்கள் இதை விற்பதில்லை.

சரி, வீட்டில் உப்புத் தண்ணீர்தான், ஆனாலும் யாரிடமும் இல்லாத செடி ஒன்று வேண்டும் என்றால், கள்ளிமுளையானைப் பாருங்கள். நம் பொட்டல் காட்டுச் செடி, தாத்தா பாட்டி பறித்துத் துவையல் அரைத்தது. நாலு பட்டையாக, இலையே இல்லாதது போல நிற்கிற தண்டு, நுனியில் கருஞ்சிவப்பாகச் சின்னச் சின்னப் பூ. எருக்கின் சொந்தம் என்பதால் காயும் கொம்பு போல இரட்டையாக வரும், வெடித்தால் பஞ்சு வைத்த விதை பறக்கும். மணலும் சரளையும் கலந்த தொட்டியில் வைத்து, மண் நன்றாகக் காய்ந்த பிறகு மட்டும் கொஞ்சம் ஊற்றுங்கள். அடைமழையில் நனையவிட்டால் அடித்தண்டு அழுகிவிடும். எங்களிடம் இருப்பது தொட்டியில் தண்டை ஒடித்து வைத்துப் பெருக்கியது, காட்டிலிருந்து எடுத்தது இல்லை.

பொதிகை மலை ஆர்க்கிட் கிடைக்குமா என்று காதோடு கேட்கிறவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறோம்: கிடைக்காது. அகத்தியர் மலைப் பகுதியைத் தவிர உலகத்தில் வேறெங்கும் இயற்கையாக இல்லாத மஞ்சள் பூ அது. ஆசைப்பட்டுப் பெயர்த்து விற்றே அதைக் காட்டில் அருகச் செய்துவிட்டார்கள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் காவல் பெற்ற செடிகளில் அதுவும் ஒன்று. யாராவது மலையிலிருந்து கொண்டுவந்தது என்று காட்டினால் தயவுசெய்து வாங்காதீர்கள்.

குடுவைச் செடி ஐப்பசி மழை பிடித்த பிறகு வரும், இப்போதே பெயரைச் சொல்லி வைக்கலாம். கடைக்கு வரும்போது வீட்டுத் தண்ணீரை ஒரு பாட்டிலில் கொண்டுவாருங்கள், தண்ணீரில் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்று காட்டுகிற டிடிஎஸ் மீட்டர் வைத்திருக்கிறோம், பார்க்கக் காசு கிடையாது. 50க்குள் இருந்தால் தைரியமாக எடுத்துப் போகலாம், 100ஐத் தாண்டினால் மழைத் தண்ணீருக்கு ஒரு டிரம் தயார் செய்துவிட்டு வாருங்கள்.