அந்த எண்ணெய் டின்னில் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள்

இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் தலைவர் அவர்களுக்கும் அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

நான் மதுரையில் உணவு அறிவியல் முதுகலை படிக்கும் மாணவி. இந்த ஆண்டு விடுதி மெஸ் கமிட்டியில் என்னையும் சேர்த்திருக்கிறார்கள். மளிகை வந்து இறங்கும் நாளில் சரக்கைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுவது என் வேலை. போன மாதம் சோயா எண்ணெய் டின்கள் இறங்கியபோது, கூட நின்ற முதலாண்டுப் பெண் கேட்டாள்: "அக்கா, இது ஜிஎம் சோயாவா?"

ஜிஎம் என்றால் மரபணு மாற்றியது; அதைத்தான் கேட்டாள். டின்னைத் திருப்பித் திருப்பிப் பார்த்தோம். தேதி இருந்தது, எடை இருந்தது, உங்கள் உரிம எண் இருந்தது, பச்சைப் புள்ளி இருந்தது. அவள் கேட்டதற்கு மட்டும் பதில் இல்லை. டின்னில் இருந்த எண்ணுக்கு அழைத்தேன். மின்னஞ்சல் அனுப்பச் சொன்னார்கள், அனுப்பினேன். ஒன்பது நாள் கழித்து ஒரே வரியில் பதில் வந்தது: எங்கள் தயாரிப்பு எல்லா விதிகளுக்கும் உட்பட்டது. நான் கேட்டது அதுவல்லவே. அந்தப் பதிலை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

நாமே சோதித்துவிடலாம் என்று முதலில் நினைத்தோம். எங்கள் துறையில் டிஎன்ஏவைச் சோதிக்கும் பிசிஆர் கருவி இருக்கிறது. ஆசையோடு பேராசிரியரிடம் போய் நின்றோம். அவர் பொறுமையாக விளக்கினார். சோயா விதையாக இருந்தால் கண்டுபிடித்துவிடலாம், ரீஃபைண்ட் எண்ணெயில் கஷ்டம். பசை நீக்கி, நிறம் நீக்கி, கொதிநீராவி விட்டு வாசனையையும் போக்கிய பிறகு, சோதித்துப் பார்க்கிற அளவுக்கு அதில் டிஎன்ஏ மிஞ்சுவதே அரிது. அந்த எண்ணெய் ஜிஎம் விதையிலிருந்து வந்ததா என்று சொல்லக்கூடியது ஒன்றுதான்: வயலிலிருந்து கப்பல், கப்பலிலிருந்து ஆலை என்று கூடவே வரும் காகிதம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2004 முதல் அந்தக் காகிதத்தைக் கேட்டு வாங்கித்தான், டிஎன்ஏ மிஞ்சாத எண்ணெய்க்கும் லேபிள் போட வைக்கிறார்கள். நமக்கு வரும் சோயா எண்ணெயில் பெரும்பகுதி அர்ஜென்டினா, பிரேசில் சரக்கு. அங்கே விளையும் சோயா ஏறக்குறைய முழுவதும் மரபணு மாற்றியது. இதை நான் சொல்லித்தான் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்றில்லை. ஆனால் அந்தக் காகிதத்தைக் காட்டச் சொல்லும் அதிகாரம் எனக்கு இல்லை, உங்களுக்கு இருக்கிறது.

அன்று ராத்திரி விடுதி ஹாலில் இதே பேச்சுதான். உயிர்த்தொழில்நுட்பம் படிக்கிறவர்கள் ஜிஎம் உணவால் கெடுதல் இல்லை என்று ஆய்வுகளை எடுத்துப் பேசினார்கள். பருத்தி போடும் வீட்டிலிருந்து வந்த தோழி, காய்ப்புழுவைத் தாங்கும்படி மரபணு மாற்றிய பிடி பருத்தி வந்த புதிதில் மருந்தடிப்பது குறைந்ததையும், பிறகு இளஞ்சிவப்புக் காய்ப்புழு திரும்பி வந்ததையும் சொன்னாள். கோவை வேளாண் பல்கலைக்கழகமும் பங்கெடுத்து உருவாக்கிய பிடி கத்தரிக்காயை 2010இல் மத்திய அரசு நிறுத்திவைத்தது சரியா தப்பா என்று ஒரு மணி வரைக்கும் சண்டை. முடிவே வரவில்லை. ஆனால் லேபிள் வேண்டாம் என்று அந்த ஹாலில் ஒருத்திகூடச் சொல்லவில்லை. ஜிஎம்முக்காக அதிகம் வாதாடியவள் சொன்னதுதான் எனக்குள் நின்றது: "நான் தாராளமா சாப்பிடுவேன். ஆனா எழுதாம கொடுத்தா எங்கம்மா நம்ப மாட்டாங்க. என் படிப்பையும் சேர்த்து சந்தேகப்படுவாங்க."

மாணவர்களுக்கு அறிவியல் மேல் பயம், அதனால்தான் லேபிள் கேட்கிறார்கள் என்று யாராவது உங்களிடம் சொன்னால், தயவுசெய்து நம்பாதீர்கள்.

பழைய கதை முழுக்க உங்கள் கோப்பிலேயே இருக்கும். பொட்டலத்தின் முகப்பில் மேலே 'GM' என்று போட வேண்டும் என்ற எடை அளவுச் சட்ட விதி 2013 ஜனவரியிலேயே நடைமுறைக்கு வந்தது. அந்த இரண்டு எழுத்துள்ள ஒரு பொட்டலத்தை நான் இதுவரை பார்த்ததில்லை. 2018இல் டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 65 உணவுப் பொருள்களைச் சோதித்தபோது 21இல் ஜிஎம் இருந்தது. 2021 நவம்பரில் நீங்கள் வெளியிட்ட வரைவு விதி, ஜிஎம் பொருள் ஒரு சதவீதம் இருந்தாலே எழுத வேண்டும் என்றது. மறு ஆண்டு திருத்திய வரைவும் வந்தது. 2024 ஜூலையில், ஜிஎம் கடுகு வழக்கில் இரண்டாகப் பிரிந்த உச்ச நீதிமன்ற நீதிபதிகள்கூட, இறக்குமதியாகும் ஜிஎம் சமையல் எண்ணெய்க்கு லேபிள் சட்டம் பொருந்தும் என்பதில் ஒன்றாகவே நின்றார்கள். இதற்குமேல் எதற்காகக் காத்திருக்கிறீர்கள்?

எங்கள் ஊரில் சாயங்காலமானால் தள்ளுவண்டியில் பருத்திப்பால் வரும். பருத்திக்கொட்டையை ஊறவைத்து, ஆட்டிப் பாலெடுத்து, கருப்பட்டியும் சுக்கும் போட்டுக் காய்ச்சுவார்கள். நாட்டில் பருத்தி போடும் நிலத்தில் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் பிடி பருத்திதான். அது என்ன கொட்டை என்று வண்டிக்காரரைக் கேட்டு நான் சங்கடப்படுத்த மாட்டேன். அவர் வாங்கிய மூட்டையில் எழுதியிருந்தால்தானே அவருக்குத் தெரியும்?

லேபிள் வந்தாலும் அது எந்த மொழியில் வரும்? உங்கள் விதிப்படி ஆங்கிலமோ இந்தியோ இருந்தால் போதும், மற்ற மொழிகள் விற்பவரின் விருப்பம். வரைவுக்குக் கருத்துக் கேட்டதும் அந்த இரண்டு மொழிகளில்தான். நாற்பது வருஷமாக வீட்டுக்கு எண்ணெய் வாங்கும் என் அம்மாவால் தன் கையிலிருக்கும் பாக்கெட்டைப் படிக்க முடியாது. அவரிடம் யாரும் கருத்துக் கேட்டதுமில்லை. ஒவ்வொரு முறையும் மகள் வந்து படித்துச் சொல்லும் வரை அவர் காத்திருக்க வேண்டுமா?

கோபத்தில் கொஞ்சம் நீட்டிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் வேண்டுகோள் சின்னதுதான். மரபணு மாற்றிய பயிரிலிருந்து வந்தது என்றால் அதைப் பொட்டலத்தின் முன்பக்கத்தில் எழுத வைக்கும் இறுதி விதியை வெளியிடுங்கள். டிஎன்ஏ மிஞ்சவில்லை என்ற காரணத்துக்காக எண்ணெயை அதிலிருந்து விட்டுவிடாதீர்கள். தமிழ்நாட்டில் விற்பதைத் தமிழிலும் எழுதச் சொல்லுங்கள்.

வரும் ஐந்தாம் தேதி மெஸ்ஸுக்கு அடுத்த லோடு இறங்குகிறது. அந்தப் பெண் மறுபடியும் டின்னைத் திருப்பிப் பார்ப்பாள்.

பணிவுடன்,
விடுதி மெஸ் கமிட்டி மாணவி ஒருத்தி
மதுரை, டிசம்பர் 2024