மீனாவுக்கு

திருநெல்வேலி
21-1-2024

அன்புள்ள மீனாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். வீட்டைக் கழுவி முடித்தாயிற்று. வெள்ளம் நின்ற கோடு மட்டும் கூடத்துச் சுவரில் முழங்கால் உயரத்துக்கு அப்படியே இருக்கிறது. ஈரம் காயாமல் வெள்ளையடிக்கக் கூடாது என்று கொத்தனார் சொல்லிவிட்டார். பொங்கப் பானையை வழக்கம்போல வாசலில்தான் வைத்தோம். அன்றைக்கு நீ போன் செய்வாய் என்று அப்பா பத்து மணி வரை குளிக்காமல் உட்கார்ந்திருந்தார். பரவாயில்லை, உனக்கு வேலை இருந்திருக்கும்.

ராத்திரி சாப்பிடாமல் படுக்காதே. ரசமும் அப்பளமும் இருந்தால்கூடப் போதும்.

நான் வேவு பார்ப்பதாக நினைக்காதே. மத்தியானம் இரண்டரைக்கு போனை எடுத்துப் பார்த்தால் நீ ஆன்லைனில் இருக்கிறாய். சிகாகோவில் அப்போது விடியற்காலை மூன்று மணி. ஒரு நாள் என்றால் சரி, மைக்ராஸ்கோப் உனக்கு அந்த நேரத்தில்தான் கிடைத்திருக்கும். மூன்று வாரமாகப் பார்க்கிறேன். நான் அனுப்பியதை மட்டும் நீ திறப்பதில்லை. அதனால்தான் தாளில் எழுதி, பருப்புப் பொடி டப்பாவோடு வைத்து அனுப்புகிறேன். பொடி தீர்வதற்குள்ளாவது படிப்பாய்.

போன லீவில் நீ எனக்குச் சொல்லிக்கொடுத்ததை மறக்கவில்லை. நீ அனுப்பிய ஆராய்ச்சிக் கட்டுரைகளை அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒரு நாளைக்கு இரண்டு பக்கம் என்று படிக்கிறேன். இருபத்தாறு வருஷமாகப் பிளஸ் ஒன்னுக்குத் தசைப் பாடம் நடத்துகிறேன். தசை இழையின் சுருங்குகிற அலகான சார்க்கோமியர் படத்தைக் கண்ணை மூடிக்கொண்டு போர்டில் வரைவேன். ஆக்டின் இழை, அதைப் பிடித்து இழுக்கிற மயோசின் தலை, சக்தி தருகிற ஏ.டி.பி. உடைகிறது, தசை சுருங்குகிறது. உட்கரு வேறு பாடம். அதைப் பூட்டிய பீரோ மாதிரிதான் நடத்தினேன். உள்ளே டி.என்.ஏ. பத்திரமாக இருக்கும், வேண்டும்போது எடுத்துப் படித்துக்கொள்ளலாம் என்று. இரண்டு மீட்டர் நூல், ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு இடத்துக்குள் இருக்கிறதே, அதை யார் நகர்த்துவது என்று நீ பிளஸ் ஒன்னில் கேட்டாய். புத்தகத்தில் உள்ளதை எழுது என்று சொல்லி உட்காரவைத்தேன். அப்போது நான் உன் டீச்சர், வகுப்பில் எல்லோரும் இருந்தார்கள். அது சரியான பதில் இல்லை.

உன் ஊரிலேயே, இலினாய் பல்கலைக்கழகத்தில், 1997இல் உட்கருவுக்குள் மயோசின் இருப்பதைக் காட்டினார்கள் என்று படித்தபோது எனக்குக் கை நடுங்கியது. 2000இல் அது தனி வடிவம்தான் என்றும் காட்டிவிட்டார்கள். முன்முனையில் பதினாறு அமினோ அமிலம் கூடுதலாம். அதுவரை யார் சொன்னாலும் 'உட்கருவுக்கு வெளியே இருக்கிற சைட்டோபிளாசத்திலிருந்து ஒட்டிக்கொண்டு வந்தது' என்றுதானே பதில்? ஆக்டினுக்கும் அதே கதை. செல் முழுக்க ஆக்டின் கொட்டிக் கிடக்கும்போது, பிரித்தெடுத்த உட்கருவில் தெரிகிற கொஞ்சம் எங்கிருந்து வந்தது என்று எப்படி நம்பவைப்பது? இழையைக் காட்டுகிற வழக்கமான சாயமும் உட்கருவுக்குள் இழை எதையும் காட்டாது. இதை உன்னிடம் சொல்ல ஒரு காரணம் உண்டு, கீழே எழுதுகிறேன்.

லண்டன் புரூனல் பல்கலைக்கழகத்தார் 2010இல் செய்ததைப் படித்தாயா? நீ படிக்காமல் இருப்பாயா. மனிதத் தோல் செல்களுக்கு ஊட்டமான சீரத்தை நிறுத்திய பதினைந்தே நிமிஷத்தில் குரோமோசோம்கள் இடம் மாறுகின்றன. ஓரத்தில் இருந்த சில உள்ளே போகின்றன, வேறு சில ஓரத்துக்கு வருகின்றன. அந்த மயோசினைக் குறைத்துவிட்டால் எதுவும் நகர்வதில்லை. திரும்பச் சீரம் கொடுத்தால் பழைய இடத்துக்கு வந்து சேர ஒரு நாளுக்கு மேல் ஆகிறது. பட்டினி போட்டால் கால் மணி நேரத்தில் கலைகிறது, சாப்பாடு போட்டால் உடனே சரியாவதில்லை. நீ காலையிலிருந்து காபியிலேயே ஓட்டுகிறாய் என்று எனக்குத் தெரியும். சோறு வடிக்க நேரமில்லை என்றால் அவலை நனைத்துச் சாப்பிடு. சாப்பிட்டுவிட்டுப் படு.

உன் வேலை எனக்குப் பெருமை. ஸ்டாஃப் ரூமில் நான் சொல்லாத ஆள் இல்லை. ஆனால் ஒன்று, நீ பத்து நிமிஷம் பேசினால் உன் ஆராய்ச்சி நின்றுவிடாது. அப்பாவிடமாவது பேசியிருக்கலாம். அவர் எதையும் கேட்கிற ஆள் இல்லை.

ஈக்களின் செல்லில் செய்த 2018 கட்டுரையை மட்டும் நாலு தடவை படித்தேன். இறுகிச் சுருண்ட பகுதியில் டி.என்.ஏ. அறுந்துவிட்டால் அங்கேயே ஒட்டுவது ஆபத்து. ஒரே மாதிரி வரிகள் சுற்றிலும் ஏராளம், வேறு ஏதோ ஒன்றோடு தவறாகச் சேர்ந்துவிடும். அதனால் செல் அந்த அறுந்த முனையை வெளியே எடுத்து உட்கருவின் சுவருக்குக் கொண்டுபோகிறது. அதற்காகவே ஆக்டின் இழைகளைப் போடுகிறது, மயோசின் வேலை செய்கிறது, ஓரத்துக்குப் போன பிறகுதான் தைத்து முடிக்கிறது. நான் புரிந்துகொண்டது சரிதானா? இரவு விளக்கை அணைத்த பிறகும் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். அறுந்தது தானாக அங்கே போவதில்லை, யாரோ கொண்டுபோகிறார்கள்.

ராத்திரி தூங்கு மீனா. ரவி மாமாவும் விடியற்காலை மூன்று மணிக்கு மாடி அறையில் விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பான். பரீட்சைக்குப் படிக்கிறான் என்றுதான் பாட்டி எல்லோரிடமும் சொன்னாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அதைப் பற்றி இதற்கு மேல் எழுதவில்லை.

டிசம்பர் 17, 18இல் தண்ணீர் வந்தபோது கட்டிலுக்கு அடியில் இருந்த தகரப் பெட்டி மூழ்கிவிட்டது. அதில் இருந்தவற்றை மாடியில் ஒவ்வொரு தாளாகப் பிரித்துக் காயவைத்தேன். உன் ஜாதகம் தப்பியது. என் எம்.ஃபில். நோட்டும் தப்பியது.

1992. கெண்டை மீன் ஈரலிலிருந்து உட்கருவைப் பிரித்து, அதில் உள்ள புரதங்களை ஜெல்லில் ஓட்டி எடைவாரியாகப் பிரிப்பது என் வேலை. ஐந்து தடவை ஓட்டினேன். ஐந்திலும் 42 கிலோடால்டன் பக்கம் ஒரு நீலக் கோடு வந்தது. ஆக்டினின் எடை அதுதான். கைடிடம் காட்டினேன். 'உனக்குக் கழுவத் தெரியவில்லை, அழுக்கோடு கொண்டுவந்திருக்கிறாய்' என்றார், மற்ற மாணவர்கள் எதிரில். நான் ஆறாவது தடவை ஓட்டவில்லை. போட்டோவில் அந்தக் கோடு இருந்த இடத்தைக் கத்தரிக்கோலால் வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தை ஆய்வேட்டில் ஒட்டிக் கொடுத்தேன். டிகிரி கிடைத்தது. பிஎச்.டி.க்கு இடம் இருந்தும் போகவில்லை.

அது ஆக்டினா அழுக்கா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. அழுக்காகவே இருந்திருக்கலாம். நன்றாகக் கழுவி இன்னொரு தடவை ஓட்டியிருந்தால் தெரிந்திருக்கும். எனக்குப் பயம். திரும்ப அந்த அறைக்குள் போய் அவர் முகத்தைப் பார்க்கப் பயம்.

நீ பிறந்தது 1994இல். 'நீ வயிற்றில் வந்தாய், அதனால் ஆராய்ச்சியை விட்டேன்' என்று உன்னிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பேன். உன் பிளஸ் டூ ரிசல்ட் அன்று சொன்னேன். நீ விமானம் ஏறுகிற அன்றுகூட, உன் கையைப் பிடித்துக்கொண்டு, 'அம்மா விட்டதை நீ முடி' என்றேன். அது பொய். நான் விட்டபோது நீ இல்லை, கல்யாணமும் ஆகவில்லை. உன் அப்பாவுக்குக்கூட இது தெரியாது. முப்பது வருஷமாக உன் தலையில் வைத்திருந்த பாரம் அது, உன்னுடையது இல்லை. நீ முடிக்கவும் செய்யலாம், முடிக்காமலும் இருக்கலாம். என் கணக்குக்காக எதையும் செய்ய வேண்டாம்.

போன மாதம் 22ஆம் தேதி, லைன் கிடைத்ததும் நீ கூப்பிட்டாய். நான் இருபது நிமிஷம் வெள்ளத்தைப் பற்றியே பேசினேன். நடுவில் நீ, 'எனக்கும் ஒண்ணு சொல்லணும்மா' என்றாய். வாசலில் ஆள் வந்திருக்கிறது, அப்புறம் பேசலாம் என்று வைத்துவிட்டேன். வந்தது பக்கத்து வீட்டு அக்கா, வாளி கேட்டு. அந்த ஒண்ணு என்ன என்று நான் கேட்கவில்லை. நீயும் அதற்குப் பிறகு கூப்பிடவில்லை.

பொடியில் பெருங்காயம் கூடப் போட்டிருக்கிறேன், உனக்குப் பிடித்த மாதிரி. நல்லெண்ணெய் அங்கேயே வாங்கிக்கொள். குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போ.

ஹெச்.எம்.மிடம் சொல்லி மத்தியானம் இரண்டு மணி பீரியடை மாற்றிக்கொண்டேன். இரண்டிலிருந்து மூன்று வரை எனக்கு வகுப்பு இல்லை. லேபில் தனியாகத்தான் இருப்பேன், போனைக் கையிலேயே வைத்திருப்பேன். நீ விழித்திருந்தால் கூப்பிடு.

அம்மா