குழந்தையோடு டிக்கெட் போடும் முன்

சான் ஹோசே

அன்புள்ள மரகதம்,

உன் கடிதம் கிடைத்தது. அத்தானின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. சொட்டு மருந்தைச் சொன்ன நாள்வரை நிறுத்தாமல் போடச் சொல். சின்னவன் வங்கித் தேர்வில் தேறியதற்கு அவனுக்குத் தனியாக எழுதுகிறேன்.

இனி, இங்கே கலிபோர்னியாவில் கணவனோடு விவாகரத்துவரை வந்து நிற்கும் உன் தங்கை மகள் விஷயம். "பையனைக் கூட்டிக்கொண்டு ஊருக்கு வந்துவிடட்டும், வழக்கைக் கோயம்புத்தூரிலேயே பார்த்துக்கொள்ளலாம்" என்று வீட்டில் எல்லோரும் சொல்வதாக எழுதியிருக்கிறாய். பாசத்தில் சொல்கிறார்கள், புரிகிறது. ஆனால் அவளை அப்படிக் கிளம்ப விடாதே. அவள் நிலையில் இருக்கும் ஒரு பெண்ணுக்கு அதைவிடப் பெரிய இழப்பு இல்லை. ஏன் என்று விவரமாகவே எழுதுகிறேன்.

முதலில் சொத்து. நம் ஊர் இந்து திருமணச் சட்டத்தில் விவாகரத்தின்போது மனைவிக்குக் கிடைப்பது ஜீவனாம்சம். கணவன் பெயரில் உள்ள வீட்டில் பாதி என் உரிமை என்று கேட்க அங்கே வழியில்லை. கலிபோர்னியாவில் திருமணத்துக்குப் பின், இங்கே குடியிருந்தபோது இருவரில் யார் சம்பாதித்தாலும் அது இருவரின் பொதுச்சொத்து. வீட்டுப் பத்திரமும் வங்கிக் கணக்கும் யார் பெயரில் இருக்கின்றன, அவள் வேலைக்குப் போனாளா என்பதெல்லாம் கேள்வியே இல்லை. நீதிமன்றம் சரிபாதியாகத்தான் பிரிக்கும். அமெரிக்கா முழுக்க இப்படி இல்லை. கலிபோர்னியா, டெக்சாஸ், வாஷிங்டன் உட்பட 9 மாநிலங்களில்தான் இந்தப் பொதுச்சொத்து முறை. அவற்றிலும் டெக்சாஸில் நீதிபதி நியாயமென்று படும் விகிதத்தில் பிரிக்கலாம். நியூ ஜெர்சியில் இருக்கும் உன் நாத்தனார் மகளுக்கு நடந்ததை இதற்கு உதாரணமாக எடுக்காதே.

திருமணத்துக்கு முன் இருந்தது, பரிசாக வந்தது, வாரிசுரிமையில் வந்தது மூன்றும் தனிச்சொத்து. தாய்வீட்டில் போட்ட நகை முழுக்க அவளுடையது. கல்யாணத்துக்குப் பின் கணவன் சம்பளத்தில் வாங்கித் தந்த நகையில்தான் சிக்கல். அவர்கள் வசதிக்குப் பெரிய மதிப்புள்ள நகையாக இருந்தால், அவளுக்கே சொந்தம் என்று எழுத்தில் இல்லாதவரை பொதுச்சொத்தாகவே நிற்கலாம்.

வீடு வாங்கியபோது உன் தங்கை 80,000 டாலர் அனுப்பியதாக எழுதியிருந்தாய். முன்பணத்தில் சேர்ந்த அந்தத் தொகை மகளுக்கு மட்டும் தந்த பரிசு என்று காட்ட முடிந்தால், அது முதலில் அவளுக்குத் திரும்பும், வட்டி கிடையாது. வீட்டை விற்றுக் கடனும் செலவும் போக 5,00,000 டாலர் மிஞ்சினால், 80,000 போக மீதி 4,20,000 இரண்டாகும். அவள் பங்கு 2,90,000. இங்கே பலர் கோட்டை விடுவது ஒரே தாளில். வீட்டுக் கடன் தரும் வங்கி அப்போது ஒரு பரிசுக் கடிதம் வாங்கியிருக்கும். அதில் "மகளுக்கும் மருமகனுக்கும்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தால் பாதி அவனுடையது. அந்தக் கடிதத்தின் நகலையும், பணம் அனுப்பிய வங்கிச் சீட்டையும் உன் தங்கை இன்றே தேடி எடுக்கட்டும்.

அவன் கம்பெனி தரும் பங்குகள் இன்னும் கைக்கு வராவிட்டாலும் கணக்கில் வரும். 400 பங்குகள் 48 மாதத்தில் கைக்கு வரும் என்று ஒதுக்கியிருக்கிறார்கள், 36-ஆம் மாதத்தில் பிரிகிறார்கள் என்று வை. வழக்கமான கணக்குகளில் ஒன்றின்படி 36/48, அதாவது 300 பங்குகள் பொதுச்சொத்து, அதில் 150 அவளுடையவை. வேலையில் சேர்ந்த நாளிலிருந்து எண்ணும் இன்னொரு கணக்கும் உண்டு. எது பொருந்தும் என்பதற்கு, எதற்காகத் தந்த பங்குகள் என்று சொல்லும் ஒப்பந்தம் வேண்டும். ஓய்வூதியக் கணக்கான 401கே-யில் அவள் பங்கைப் பிரிக்கத் தீர்ப்பு மட்டும் போதாது, நிர்வாகிக்கென்று தனி உத்தரவு ஒன்று போக வேண்டும். தீர்ப்பு வந்ததும் வக்கீல்கள் கோப்பை மூடிவிடுவார்கள், இந்த உத்தரவு மட்டும் வருடக்கணக்கில் கிடப்பில் கிடக்கும். அதற்குள் அவன் வேலை மாறினாலோ இறந்தாலோ சிக்கல்தான்.

திருமணத்துக்குப் பின் அவன் சம்பளத்தில் அவன் அப்பா பெயரில் சூலூரில் மனை வாங்கியதாகச் சொன்னாய். பொதுச்சொத்தை மனைவியின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் பரிசாகத் தர இங்கே சட்டம் இடம் தராது. இந்த நீதிமன்றம் சூலூர் பத்திரத்தைத் திருத்த முடியாது. ஆனால் அதன் மதிப்பில் பாதியை அவன் பங்கில் கழித்து அவளுக்குத் தரலாம். ஒளித்தால் இன்னும் மோசம். லாட்டரியில் 13 லட்சம் டாலருக்கு மேல் விழுந்ததை மறைத்து விவாகரத்து வாங்கிய ஒரு மனைவியிடமிருந்து, அந்தத் தொகை முழுவதையும் கணவனுக்கே தரச் சொன்ன 2001-ஆம் வருடத் தீர்ப்பு இந்த மாநிலத்தில் உண்டு. அதனால் இவளும் தன் பெயரில் ஊரில் உள்ள கணக்குகளை விடாமல் எழுத வேண்டும்.

அடுத்தது தேதி. 1970 முதல் இங்கே யார் தப்பு என்று நிரூபிக்க வேண்டியதில்லை. ஒத்துப்போகவில்லை என்றாலே போதும், மற்றவர் மறுத்தும் பயனில்லை. அதனால் மாமியார் பேசியதற்கெல்லாம் சாட்சி சேர்ப்பதில் நேரத்தைச் செலவிட வேண்டாம். எடை முழுக்கப் பிரிந்த நாளில்தான். திருமணம் முடிந்தது என்று ஒருவர் மற்றவரிடம் தெரிவித்து, அதன்படி நடக்கத் தொடங்கும் நாள் அது. அதற்குப் பிறகு அவன் சம்பாதிப்பது அவனுடையது. அவர்களுக்குத் திருமணமாகி ஒன்பதரை வருடம். 10 வருடத்தைத் தொட்டால் நீண்ட காலத் திருமணம் என்று கொண்டு, ஜீவனாம்சம் தரச் சொல்லும் அதிகாரத்தை நீதிமன்றம் காலவரை இல்லாமல் கையில் வைத்துக்கொள்ளும். அதைவிடக் குறைவான காலத் திருமணங்களுக்கு ஜீவனாம்சம் பொதுவாகத் திருமண காலத்தில் பாதி நாளுக்குத்தான். ஆகவே கோபத்தில் "எல்லாம் முடிந்தது" என்று அவனுக்கு மெயில் அனுப்பிவிட வேண்டாம், முதலில் வக்கீலைப் பார்க்கட்டும்.

அடி, மிரட்டல் என்று ஏதாவது இருந்தால் இந்தக் கணக்கெல்லாம் ஓரம் போகட்டும். உடனே பாதுகாப்பு உத்தரவு கேட்கலாம், கட்டணம் இல்லை, தற்காலிக உத்தரவுக்கான முடிவு பெரும்பாலும் அன்றோ மறுநாளோ வந்துவிடும். கடந்த 5 வருடத்துக்குள் குடும்ப வன்முறை நடந்ததாக நீதிமன்றம் முடிவு செய்தால், அவனிடம் பிள்ளையை ஒப்படைப்பது நல்லதல்ல என்ற அனுமானத்தோடுதான் விசாரணை தொடங்கும். அதை உடைப்பது அவன் பொறுப்பு.

இனி பையன். கடந்த 6 மாதம் குழந்தை எங்கே வாழ்ந்ததோ அந்த மாநிலத்துக்கே பொறுப்பை முடிவு செய்யும் அதிகாரம். அவள் பையனோடு ஊருக்கு வந்துவிட்டாலும் அப்பா இங்கேயே இருப்பதால், 6 மாதம்வரை அவன் இங்கே மனுப் போடலாம். அவள் வராத நிலையிலேயே உத்தரவும் வாங்கலாம். பிள்ளையைக் கடத்தினாள் என்ற குற்றவியல் புகார்கூட வரலாம், பிறகு அவள் அமெரிக்காவில் இறங்குவதே ஆபத்து. குழந்தைக் கடத்தல் பற்றிய ஹேக் ஒப்பந்தத்தில் இந்தியா சேரவில்லை என்று யாராவது தைரியம் சொல்வார்கள். அது உண்மைதான். ஆனால் நம் உச்ச நீதிமன்றம் குழந்தையின் நலனைப் பார்த்து 2009-இலும் 2019-இலும் பிள்ளைகளை அமெரிக்காவுக்குத் திருப்பி அனுப்பச் சொல்லியிருக்கிறது. 2017-இல் வேறொரு வழக்கில் அப்படி அனுப்ப மறுத்தும் இருக்கிறது. எது நடக்கும் என்று எந்த வக்கீலாலும் உறுதி தர முடியாது.

இதே பயம் மறுபக்கமும் உண்டு. அவன் பிள்ளையோடு விமானம் ஏறினால் இங்கே விமான நிலையத்தில் தடுக்க ஆள் இல்லை. மனுவோடு வரும் சம்மனிலேயே, மற்றவரின் எழுத்துச் சம்மதமோ நீதிமன்ற உத்தரவோ இல்லாமல் பிள்ளையை மாநிலத்தைவிட்டு வெளியே கொண்டுபோகக்கூடாது, புதுப் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்கக்கூடாது, சொத்தை மாற்றவோ காப்பீட்டை ரத்து செய்யவோ கூடாது என்று தடை அச்சிட்டிருக்கும். அவளை மனுப் போட்ட நிமிடமும், அவனைத் தாள் கைக்குப் போன நிமிடமும் அது கட்டுப்படுத்தும். கூடவே பையனின் பாஸ்போர்ட்டை வக்கீலிடமோ நீதிமன்றத்திலோ வைக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். அமெரிக்க வெளியுறவுத் துறையில் பெயர் பதிந்தால், பையனுக்குப் புது அமெரிக்கப் பாஸ்போர்ட் கேட்டு விண்ணப்பம் வரும்போது அவளுக்குத் தகவல் வரும்.

யாரிடம் பிள்ளை என்பதை அம்மா, அப்பா என்று பார்த்து முடிவு செய்வதில்லை. பள்ளி, மருத்துவம் போன்றவற்றில் முடிவெடுக்கும் உரிமை ஒன்று, பிள்ளை யாரோடு தங்குவது மற்றொன்று. இரண்டையும் தனித்தனியாகப் பிரிப்பார்கள். இருவரும் ஒத்துப்போகாவிட்டால் நீதிபதியிடம் போகும் முன் நீதிமன்ற மத்தியஸ்தரைப் பார்த்தே ஆக வேண்டும். சில கவுண்டிகளில் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) அங்கே பேசியது வெளியே போகாது, சிலவற்றில் மத்தியஸ்தரே நீதிபதிக்குப் பரிந்துரை எழுதுவார். தன் கவுண்டியில் எந்த முறை என்று கேட்டுவிட்டுப் போகட்டும். பள்ளியில் விட்டது, டாக்டரிடம் போனது, வாரத்தில் எந்த இரவு யாரிடம் என்ற அட்டவணை ஆகியவைதான் அங்கே எடுபடும். அப்பாவைப் பற்றிப் பிள்ளையிடம் குறை பேசுவது அவளுக்கே திரும்பும். பிள்ளையின் செலவுக்கான மாதாந்திரத் தொகை இருவரின் வருமானம், பிள்ளை யாரிடம் எவ்வளவு நேரம் இருக்கிறது என்பதை வைத்து ஒரு சூத்திரத்தில் வரும்.

நடைமுறை சுருக்கமாக. இருவரில் ஒருவர் 6 மாதம் மாநிலத்திலும் 3 மாதம் அந்தக் கவுண்டியிலும் குடியிருந்திருக்க வேண்டும். கட்டணம் 435 டாலரையொட்டி இருக்கும், வருமானம் இல்லாதவர் விலக்குக் கேட்கலாம். தாளை அவள் கையால் தரக்கூடாது, 18 வயது நிரம்பிய வேறொருவர் தர வேண்டும். பதிலுக்கு 30 நாள். அவன் அதற்குள் இந்தியா போய்விட்டால் கூரியரும் வாட்ஸ்அப்பும் செல்லாது. நீதிமன்றத் தாள்களை வெளிநாட்டில் சேர்ப்பிப்பது பற்றிய வேறொரு ஹேக் ஒப்பந்தத்தில் இந்தியா இருக்கிறது, அதன்படி டெல்லியில் உள்ள சட்ட அமைச்சகம் வழியாகத்தான் அனுப்ப வேண்டும், அதற்கு மாதங்கள் ஆகும். தாள் சேர்ந்து 6 மாதம் ஆகாமல் விவாகரத்து அமலுக்கு வராது. வக்கீல் செலவுக்குக் கையில் பணம் இல்லாததால் தயங்க வேண்டாம். வசதியுள்ளவர் மற்றவரின் வக்கீல் கட்டணத்தைத் தர நீதிமன்றம் உத்தரவிடும், அதை முதல் மனுவோடேயே கேட்கலாம்.

அவள் எச்4 விசாவில், அதாவது கணவனின் வேலை விசாவைச் சார்ந்த மனைவி விசாவில் இருக்கிறாள். தீர்ப்பு அமலுக்கு வரும் நாளில் அந்த விசா நிலை போய்விடும். அதற்கு முன்பே குடிவரவு வக்கீலைத் தனியாகப் பார்த்து மாற்று விசாவுக்கு வழி செய்துகொள்ள வேண்டும்.

கடைசியாக ஒன்று. 1991-இல் நம் உச்ச நீதிமன்றம் வகுத்தபடி, இந்துத் திருமணத்தை வெளிநாட்டில் ரத்து செய்தால், இந்தியச் சட்டத்தில் உள்ள காரணத்தால் அல்லது இருவர் சம்மதத்தோடு ஆனால்தான் அங்கே செல்லும். "ஒத்துப்போகவில்லை" இந்தியச் சட்டத்தில் காரணமே இல்லை. ஆகவே இங்கே உடன்படிக்கையில் கையெழுத்தாகும்போதே, கோவை குடும்ப நீதிமன்றத்தில் பரஸ்பரச் சம்மத மனுவிலும் ஒத்துழைப்பேன் என்று அவனிடம் எழுதி வாங்கிவிட வேண்டும். இதை விட்டால் மறுமணம் பேசும்போது சிக்கிக்கொள்வாள்.

இந்தக் கடிதத்தை அப்படியே அவளுக்கு அனுப்பிவிடு. கடைசி 3 வருட வருமான வரித் தாள்கள், சம்பளச் சீட்டுகள், பங்கு ஒப்பந்தம், வீட்டுக் கடன் கோப்பு, பையனின் பிறப்புச் சான்றிதழ், தங்கள் திருமணப் பதிவுச் சான்று எல்லாவற்றையும் போட்டோ எடுத்துப் புது மெயில் கணக்கில் சேர்த்து வைக்கட்டும். சனிக்கிழமை அவளே எனக்குப் போன் செய்யச் சொல், உன் தங்கை வழியாக வேண்டாம்.

அன்புடன்,
வசந்தா