நாய்க்குட்டிப் போர்வை: ஆளுக்கு 2 சதுரம்

வணக்கம். நாம் சேர்ந்து பின்னும் குரோஷே (கொக்கி ஊசிப் பின்னல்) போர்வைக்கு மொத்தம் 48 சதுரங்கள் வேண்டும். மார்ச் 15, ஞாயிறு மாலை 4 மணிக்கு உட்கார்ந்து இணைத்துவிடலாம்.

1. ஒவ்வொரு சதுரமும் சரியாக 6 அங்குலம். போன முறை என்னுடையது 7 ஆகி, மொத்தமும் பிரித்தேன்.

2. அக்ரிலிக் நூல், 4 மி.மீ. ஊசி. கம்பளி வேண்டாம், துவைத்தால் சுருங்கிவிடும்.

3. நாய் முகம், பாதத் தடம், எலும்பு எதுவானாலும் சரி. நிறம் உங்கள் இஷ்டம், நீல நாய்க்கும் இடமுண்டு. கடைசிச் சுற்று மட்டும் எல்லோருக்கும் வெள்ளை.

4. கண்ணுக்குப் பொத்தான் வேண்டாம், குழந்தைகள் பிய்த்து வாயில் போட்டுவிடுவார்கள். கறுப்பு நூலில் தையல் போதும். அப்புறம், காதின் மேல்விளிம்பை மட்டும் தைத்து நுனியைத் தொங்க விடுங்கள்.

என்ன உருவம், என்ன நிறம் என்று வெள்ளிக்குள் பதில் போடுங்கள். எல்லோரும் பாதத் தடமே பின்னினால் போர்வையில் நாயைத் தேட வேண்டியிருக்கும்!