ஸ்கேன் நார்மல் என்றால் என்ன அர்த்தம்? சென்னை மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய குழந்தை நல மருத்துவர்களுக்கும் நரம்பியல் மருத்துவர்களுக்கும்,

வணக்கம். நான் வில்லிவாக்கத்தில் இருக்கிறேன். என் மகனுக்கு ஆட்டிசம். இப்போது அவனுக்கு 11 வயது. எங்கள் பிள்ளைகளுக்கு நீங்கள் எழுதித் தரும் எம்.ஆர்.ஐ. ஸ்கேனைப் பற்றியும், அதன் ரிப்போர்ட்டைக் கொடுக்கும்போது சொல்லாமல் விட்டுவிடும் ஒரு விஷயத்தைப் பற்றியும்தான் இந்த மடல்.

ரிப்போர்ட்டின் கடைசி வரி பெரும்பாலும் ஒன்றுதான்: மூளையில் குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் இல்லை. அந்த ஒரு வரிக்காகப் படும் பாட்டை நீங்களும் பார்த்திருப்பீர்கள். முந்தின ராத்திரி பிள்ளையை நேரம் கழித்துத் தூங்க வைத்து, விடியற்காலையில் எழுப்பி, வெறும் வயிற்றோடு கூட்டி வந்து, சிரப் கொடுத்து, தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே ஸ்கேன் சென்டர் வராந்தாவில் நடக்க வேண்டும். மெஷின் சத்தத்தில் பாதியில் விழித்துக்கொண்டால் மறுபடி முதலிலிருந்து. இவ்வளவுக்கும் பிறகு 'நார்மல்' என்று கேட்டால் யாருக்குத்தான் சந்தோஷமாக இருக்காது?

ஆனால் அன்று ராத்திரியே வீட்டில் பேச்சு திரும்பிவிடும். "மூளையில ஒண்ணும் இல்லைன்னு டாக்டரே சொல்லிட்டாரு. அப்புறம் ஏன் பேச மாட்டேங்கிறான்?" அடுத்த கேள்வி நேராக அம்மாவிடம் வரும். போன் கொடுத்துப் பழக்கினியா? வேலைக்குப் போறேன்னு விட்டுட்டுப் போனியா? மாசமா இருக்கும்போது என்னத்தைச் சாப்பிட்டே? என் வீட்டிலும் இதுதான் நடந்தது. தெரபி மையத்தின் வாசலில் காத்திருக்கும் அம்மாக்களில் யாரைக் கேட்டாலும் இதே கதையை ஏதோ ஒரு வடிவத்தில் சொல்வார்கள். நீங்கள் நல்ல சேதியாகச் சொன்ன அந்த ஒரு சொல், வீட்டுக்கு வந்ததும் அம்மா மேல் குற்றச்சாட்டாகிவிடுகிறது.

இது புதுப் பழியும் இல்லை. 1943-இல் அமெரிக்காவில் லியோ கேனர் என்ற மனநல மருத்துவர் ஆட்டிசம் உள்ள 11 குழந்தைகளைப் பற்றி எழுதியபோது, இது பிறவியிலேயே வருவது என்றுதான் கட்டுரையை முடித்தார். அதே கட்டுரையில் பெற்றோரிடம் பாசம் குறைவாகத் தெரிந்ததாகவும் எழுதியிருந்தார். பின்னால் வந்தவர்கள் பிந்தியதை மட்டும் பிடித்துக்கொண்டார்கள். புருனோ பெட்டல்ஹைம் போன்றவர்கள் தாயின் பாசமின்மைதான் காரணம் என்று ஊர் ஊராகச் சொன்னார்கள். ஆட்டிசம் உள்ள மகனுக்கு அப்பாவான பெர்னார்ட் ரிம்லேண்ட் என்ற உளவியலாளர் 1964-இல் அதை எதிர்த்து, இது மூளை சம்பந்தப்பட்டது என்று சான்றுகளோடு எழுதினார். அறுபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. அந்தச் சேதி எங்கள் கூடத்துக்கு இன்னும் வந்து சேரவில்லை.

வித்தியாசம் மூளையில்தான் இருக்கிறது. ஆனால் நீங்கள் எடுக்கும் படத்தில் தெரிகிற அளவில் இல்லை. எனக்குப் புரிந்த வரையில் சொல்கிறேன்.

2014-இல் வெளியான ஓர் ஆய்வில், இறந்த பிறகு தானமாகத் தரப்பட்ட குழந்தைகளின் மூளைத் திசுவைப் பரிசோதித்தார்கள். மூளையின் மேற்பரப்பான பெருமூளைப் புறணியில் நரம்பணுக்கள் அடுக்கடுக்காக அமைய வேண்டும். ஆட்டிசம் இருந்த 11 குழந்தைகளில் 10 பேருக்கு, அந்த அடுக்கு சில மில்லிமீட்டர் அகலத்துக்கு ஆங்காங்கே கலைந்திருந்தது. ஆட்டிசம் இல்லாத 11 குழந்தைகளில் ஒருவருக்கு மட்டுமே அப்படி. அந்த இடங்களைக் காண, எந்த நரம்பணுவில் எந்த மரபணு வேலை செய்கிறது என்று காட்டும் சாயங்களை ஏற்றி நுண்ணோக்கியில் பார்க்க வேண்டியிருந்தது. உயிரோடு இருக்கும் பிள்ளையின் எம்.ஆர்.ஐ.யில் அது வராது. புறணியின் அடுக்குகள் அமைவதோ தாயின் வயிற்றில். போனும் டிவியும் குறுக்கே வருவதற்கு முன்னாலேயே நடந்து முடிந்த விஷயம் அது.

அதே ஆண்டு வந்த இன்னோர் ஆய்வு நரம்பு இணைப்புகளை எண்ணியது. பிறந்தபின் மூளை ஏராளமான இணைப்புகளை உண்டாக்கி, வளர வளரத் தேவையில்லாதவற்றைக் கழித்துவிடும். மற்றப் பிள்ளைகளிடம் பதின்வயது முடிவதற்குள் ஏறக்குறைய பாதி குறைந்திருந்தன. ஆட்டிசம் இருந்தவர்களிடம் 16 சதவீதம்தான் குறைந்திருந்தன. இதுவும் திசுவில் பார்த்தது. ஃபிலிமில் தெரியாது.

சரி, ஸ்கேனில் எதுவுமே தெரியாதா என்றால், ஆயிரக்கணக்கானவர்களைச் சேர்த்துப் பார்த்தால் தெரியும். 2018-இல் வெளியான பன்னாட்டு ஆய்வில் ஆட்டிசம் உள்ள 1,571 பேரின் ஸ்கேனையும் இல்லாத 1,651 பேரின் ஸ்கேனையும் ஒப்பிட்டார்கள். நெற்றிப் பகுதியில் புறணி சராசரியாகக் கொஞ்சம் தடிமன், பொட்டுப் பகுதியில் கொஞ்சம் மெல்லியது, உணர்ச்சிகளோடு தொடர்புள்ள அமிக்டலா உட்பட உள்ளே இருக்கும் சில பகுதிகள் கொஞ்சம் சிறியவை. எல்லாமே மிகச் சிறிய வித்தியாசங்கள். ஆண்கள் சராசரியாகப் பெண்களைவிட உயரம் என்பது உண்மை. அதற்காக ஒருவரின் உயரத்தை மட்டும் சொல்லி ஆணா பெண்ணா என்று கேட்டால் யாரால் உறுதியாகச் சொல்ல முடியும்? ஆட்டிசத்தில் ஸ்கேன் காட்டும் வித்தியாசம் அந்த உயர வித்தியாசத்தைவிடவும் மிகச் சிறியது. ஆகவே ஒரு பிள்ளையின் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ஆட்டிசம் உண்டு என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது.

ஆராய்ச்சியாளர்களே இதில் வழுக்கியிருக்கிறார்கள். 1988-இல் சிறுமூளையின் நடுப்பகுதி ஆட்டிசத்தில் சிறியதாக இருக்கிறது என்ற ஆய்வு பெரிய பரபரப்பை உண்டாக்கியது. பின்னால் அளந்த பலருக்கு அதே முடிவு கிடைக்கவில்லை. 2017-இல், ஆட்டிசம் உள்ள அண்ணனோ அக்காவோ இருக்கும் கைக்குழந்தைகளை 6 மாதத்திலும் 12 மாதத்திலும் ஸ்கேன் எடுத்து, அந்த இடைவெளியில் புறணியின் பரப்பு வேகமாக விரிந்ததை வைத்து, யாருக்குப் பின்னால் ஆட்டிசம் வரும் என்று ஓரளவு நன்றாகவே கணித்தார்கள். எனக்கு உண்மையிலேயே வியப்பூட்டிய ஆய்வு. ஆனால் அது ஆய்வுக்கூடத்துக் கணக்கு. நான்கு வயதில் ஒரே ஒரு தடவை எடுக்கும் ஸ்கேனுக்கு அது பொருந்தாது.

அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கமும் 2020 அறிக்கையில், ஆட்டிசம் என்பதற்காக மட்டும் எல்லாருக்கும் எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டாம் என்றுதான் சொல்கிறது. வலிப்பு, தலை அளவு மிகச் சிறியதாகவோ பெரியதாகவோ இருப்பது, ஒரு பக்கம் பலவீனம், கற்ற திறன்களை வழக்கத்துக்கு மாறாக இழப்பது என்று காரணம் இருந்தால் எடுக்க வேண்டியிருக்கலாம். அப்படிப்பட்ட பிள்ளைக்கு ஸ்கேன் வேண்டாம் என்று நான் சொல்லவே மாட்டேன். மற்றவர்களுக்கு ஏன் எழுதுகிறீர்கள் என்பதுதான் என் கேள்வி.

அடுத்து வேதியியல். இதில்தான் காசு அதிகம் போகிறது. எங்களோடு தெரபிக்கு வரும் ஓர் அம்மா ஒரு தனியார் மையத்தில் கொடுத்த ரிப்போர்ட்டைக் காட்டினார். குழந்தையின் சிறுநீரைப் பரிசோதித்து, நரம்பணுக்கள் ஒன்றுக்கொன்று சேதி சொல்லப் பயன்படும் வேதிப்பொருள்களான செரட்டோனின், டோபமின், காபா, குளுட்டமேட் என்று வரிசையாகப் போட்டு, எதிரே பச்சை, மஞ்சள், சிவப்புப் பட்டைகள். சிவப்பைப் பச்சைக்குக் கொண்டுவர மாதாமாதம் ஒரு பொடி. அவர் கணவர் ஆட்டோ ஓட்டுகிறார். பொடிக்குப் பணம் போதாமல் ஸ்பீச் தெரபியை நிறுத்திவிட்டார்கள்.

செரட்டோனின் கதை 1961-இலிருந்தே உண்டு. ஆட்டிசம் உள்ள சில பிள்ளைகளின் ரத்தத்தில் அது அதிகம் இருப்பதை அன்றே கண்டார்கள். ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு அப்படி. ஆனால் உடம்பிலுள்ள செரட்டோனினில் பெரும்பங்கு குடலில் உண்டாகி, ரத்தத் தட்டணுக்களில் ஏறிச் சுற்றுகிறது. ரத்தத்திலிருந்து அது மூளைக்குள் நுழையாது. சிறுநீரில் இருப்பதை அளந்து மூளையில் இருப்பதைச் சொல்ல முடியாது என்பது எங்களைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். செரட்டோனினை மாற்றும் சிட்டலோபிராம் மருந்தை 149 பிள்ளைகளுக்குச் சோதித்து 2009-இல் முடிவைச் சொன்னார்கள். திரும்பத் திரும்பச் செய்யும் செயல்கள் வெற்று மாத்திரையைவிட அதிகமாகக் குறையவில்லை. காபாவையும் குளுட்டமேட்டையும் பற்றிய கருத்து, அதாவது மூளையில் தூண்டலும் அடக்கலும் சமன் தவறுகிறது என்பது, 2003-இலிருந்து தீவிரமாகப் பேசப்படுகிறது. அதை நம்பிக் கொடுத்துப் பார்த்த புமெட்டனைடு என்ற மருந்தின் பெரிய சோதனைகள் 2021-இல் பலனில்லை என்று நிறுத்தப்பட்டன. அதே ஆண்டு ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோனின் மூக்குத் தெளிப்பும் 290 பிள்ளைகளிடம் தோற்றது. உலகமே பணத்தைக் கொட்டித் தேடியும் கிடைக்காத மருந்து, அண்ணா நகரிலும் அடையாறிலும் பொடியாகக் கிடைக்கிறது என்றால் நீங்கள் வாயைத் திறக்க வேண்டாமா? ஸ்டெம் செல் ஊசியும் அப்படித்தான். ஆட்டிசத்துக்கு அது பரிந்துரைக்கப்படவில்லை என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் தரப்பிலிருந்தே 2022-இல் சொல்லிவிட்டார்கள்.

இதற்காக மூளை ஆராய்ச்சி எங்களுக்கு உதவாது என்று நான் நினைக்கவில்லை. மிக்ஸி ஓடினால் என் மகன் காதைப் பொத்திக்கொண்டு மொட்டை மாடிக்கு ஓடுவான். பிடிவாதம், அடித்தால் சரியாகும் என்றார்கள். ஒரே சத்தம் தொடர்ந்து வரும்போது பெரும்பாலானவர்களின் மூளை பழகிப் பதிலைக் குறைத்துக்கொள்கிறது, ஆட்டிசம் உள்ள பல பிள்ளைகளின் மூளை அப்படிக் குறைத்துக்கொள்வதில்லை என்று படித்தபோதுதான் எனக்கு விளங்கியது. இப்போது சட்னி அரைக்கும் முன் அவனிடம் சொல்லிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு அரைக்கிறோம். தீபாவளிக்கு ஹெட்போன். இந்த மாதிரி விஷயத்தை உங்கள் வாயிலிருந்து கேட்டிருந்தால் வீட்டில் உடனே ஏற்றுக்கொண்டிருப்பார்கள்.

நம் ஊரிலேயே, சென்னை ஐ.ஐ.டி.யின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் 2024 டிசம்பரில் தரணி என்ற பெயரில் கருவின் மூளை வரைபடத்தை வெளியிட்டது. கர்ப்பத்தின் நடு மாதங்களில் மூளை எப்படி அமைகிறது என்பதை 5,132 மெல்லிய வெட்டுகளில் காட்டும் படம். அது ஆட்டிசத்தைப் பற்றிய ஆய்வு அல்ல. ஆனால் ஆட்டிசத்தோடு தொடர்புள்ள மரபணுக்கள் பல மும்முரமாக வேலை செய்வது அந்த மாதங்களில்தான். உங்கள் அறைச் சுவரில் எத்தனையோ சத்து பானக் காலண்டர்கள் தொங்குகின்றன. அங்கே அந்தப் படம் ஒன்றை மாட்டி, 'இந்த நேரத்திலேயே உங்கள் பிள்ளையின் மூளை வேறு மாதிரி அமையத் தொடங்கியிருக்கும், இதில் யார் தப்பும் இல்லை' என்று தமிழில் காட்டிச் சொல்லுங்கள்.

நான் கேட்பது இவ்வளவுதான். காரணம் இருந்தால் மட்டும் ஸ்கேன் எழுதுங்கள். எழுதும்போதே, இது வேறு நோய் இருக்கிறதா என்று பார்க்க, ஆட்டிசத்தைப் பார்க்க அல்ல என்று சீட்டிலேயே குறித்துவிடுங்கள். சிறுநீர்ப் பட்டை ரிப்போர்ட்டோடு யாராவது வந்தால், அதற்கு மதிப்பில்லை என்று தயங்காமல் சொல்லுங்கள். அந்தப் பணம் ஸ்பீச் தெரபிக்கோ ஆக்குபேஷனல் தெரபிக்கோ போகட்டும். ஸ்கேன் நார்மல் என்று சொல்லும்போது, படத்தில் தெரியாத வித்தியாசம் மூளையில் இருக்கிறது, அது வளர்ப்பினால் வந்ததல்ல என்பதையும் கையோடு சொல்லிவிடுங்கள்.

சொல்லும்போது, வெளியே உட்கார்ந்திருக்கும் அப்பாவையும் பாட்டியையும் உள்ளே கூப்பிட்டுச் சொல்லுங்கள். அம்மாவிடம் மட்டும் சொல்லி அனுப்பினால் வீட்டில் அதை யாரும் நம்புவதில்லை.

இப்படிக்கு,
ஓர் அம்மா,
வில்லிவாக்கம், சென்னை