மூங்கிலுக்குள் இருந்த கல்

அன்பு மகளுக்கு,

உனக்கு ஆறு வயது இருக்கும். காய்ந்த மூங்கில் கழி ஒன்றைக் காதருகே ஆட்டிக்கொண்டே ஓடிவந்து, "உள்ளே கல் இருக்கிறது அப்பா" என்றாய். "மூங்கிலுக்குள் கல் எப்படியம்மா வரும்? பூச்சி ஏதாவது செத்துக் காய்ந்திருக்கும்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். நீ சொன்னதுதான் சரி. இத்தனை ஆண்டு கழித்துத் தெரிந்துகொண்டேன். உன்னிடம் சொல்லாமல் இருக்க மனம் வரவில்லை.

பரணில் கிடந்த அந்தக் கழியைப் போன வாரம் பிளந்தேன். பெரும்பாலும் வெறுமை. இரண்டு கணுக்களுக்கு நடுவே ஓரிடத்தில் மட்டும், நீலம் போட்டு வெளுத்த துணியின் நிறத்தில் சிறுசிறு துண்டுகள் உதிர்ந்தன. மூங்கிலுப்பு என்பது இதுதான். பெயரில்தான் உப்பு, நாக்கில் வைத்தால் கரிக்காது, ஒட்டிக்கொள்ளும். மணலில் இருக்கும் அதே பொருளான சிலிக்கா மண்ணில் கரைந்திருக்கும், அதை வேர் நீரோடு உறிஞ்சுகிறது. தண்டுக்குள் நீர் வற்றியதும் அது இறுகிக் கட்டியாகிவிடுகிறது. 1791இலேயே ஜேம்ஸ் ஸ்மித்சன் என்ற ஆங்கிலேய வேதியியலாளர் இதைச் சோதித்து, சிலிக்காதான் என்று எழுதிவிட்டார். வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் நிறுவனம் அவர் விட்டுச்சென்ற சொத்தில் உருவானதுதான்.

சிலிக்காவும் கொஞ்சம் நீரும் சேர்ந்தால் வேறென்ன தெரியுமா? ஓப்பல். மோதிரத்தில் பதிக்கும் அதே ரத்தினம். வண்ணம் காட்டும் ஓப்பலில் மிக நுண்ணிய சிலிக்கா உருண்டைகள் ஒரே அளவில், எலுமிச்சம்பழங்களை அடுக்கியதுபோல் வரிசையாக இருக்கும். அந்த அடுக்கில் பட்டு ஒளி நிறம் நிறமாகப் பிரிகிறது. மூங்கிலுப்பில் அந்த ஒழுங்கு இல்லை. அதனால் வண்ணமும் இல்லை. எனக்கென்னவோ அந்த ரத்தினத்தைவிட இந்த வெள்ளைத் துண்டுதான் பெரிய அதிசயமாகப் படுகிறது. ஒரு புல் அல்லவா இதைச் செய்திருக்கிறது!

ஆம், மூங்கிலும் புல்தான். புல்லின் ஓரம் உன் விரலைக் கீறி அழுதாயே, அதுவும் இதே சிலிக்காவின் வேலைதான். இலை மட்கிய பிறகும் அந்தத் துகள்கள் மண்ணில் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் கிடக்கும். அவற்றின் வடிவத்தை வைத்து, ஓரிடத்தில் நெல் விளைந்ததா என்றுகூடத் தொல்லியலாளர்கள் கண்டுபிடிக்கிறார்கள். புதைந்த மரத்துக்குள் சிலிக்கா புகுந்து, வளையங்கள்கூட மாறாமல் மரமே கல்லாகிப்போவதும் உண்டு.

ஒரு துண்டை நீரில் போட்டுப் பார்த்தேன். பொடிப்பொடியாகக் குமிழ்கள் கிளம்பின. கண்ணெதிரே வெண்மை ஓரத்திலிருந்து கரைந்துகொண்டே போய், கடைசியில் துண்டு கண்ணாடிபோல் தெளிந்துவிட்டது. அதன் நுண்துளைகளில் இருந்த காற்று வெளியேறி, அந்த இடத்தில் நீர் புகுந்ததுதான் காரணம். எடுத்து உலர்த்தினேன், பழைய வெண்மை திரும்பிவிட்டது.

இன்னொரு துண்டைப் பஞ்சில் சுற்றி இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். கண்ணாடித் தம்ளரில் போடு. ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்.

அன்புடன்,
அப்பா